கண்ணாடிச் சுவரும் இரவு விமானமும்: நிக்கோலா யூனின் இரண்டு காதல் நாவல்கள்

சென்னை வியாசர்பாடியில் ஞாயிறு மாலைகளில் மொட்டைமாடியில் கூடிப் படிக்கும் எங்கள் சிறு குழுவில், பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்திருக்கும் பெண்களே அதிகம். ஆங்கிலத்தில் ஒரு நாவலையாவது முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட வேண்டும், அது காதல் கதையாகவும் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதால், மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் தேடி அமெரிக்க எழுத்தாளர் நிக்கோலா யூனின் இரண்டு நாவல்களை வாங்கி வந்தேன். ஒன்று 2015இல் வெளிவந்த ‘எவ்ரிதிங், எவ்ரிதிங்’. மற்றது 2016இல் வெளிவந்த ‘த சன் இஸ் ஆல்சோ எ ஸ்டார்’. இரண்டையும் படித்து முடித்துவிட்டோம். அடுத்த ஆண்டு புதிதாக வரும் பெண்களுக்கு இவற்றில் எதைக் கொடுப்பது என்பதே இப்போது என் முன்னால் இருக்கும் கேள்வி. முடிவுகளைச் சொல்லாமல் இவ்விரண்டையும் ஒப்பிட இயலாது என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாவலின் நாயகி மேடிக்குப் பதினெட்டு வயது. நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் ‘ஸ்கிட்’ என்ற அரிய நோய் தனக்கு இருப்பதாக நம்பி, காற்றைக்கூட வடிகட்டி உள்ளே அனுப்பும் வீட்டை விட்டு வெளியே வராமல் வளர்ந்தவள். மருத்துவரான தாயும் கார்லா என்ற செவிலியும் தவிர அவளுடன் பழக ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஆலி என்ற இளைஞன் குடிவருகிறான். அவன் வீட்டார் கொடுத்தனுப்பும் கேக்கை மேடியின் தாய் வாங்க மறுத்துவிட, எதற்கும் உடையாத அந்தக் கேக்கை வைத்துத் தன் வீட்டு ஜன்னலில் அவன் ஊமை நாடகமே நடத்துகிறான். இவள் தன் ஜன்னலில் நின்று சிரிக்கிறாள். எங்கள் பெண்கள் இந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஒரே கைப்பேசியை அம்மாவும் தம்பியும் அக்காவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீடுகளில், எதிர் மாடியில் துணி உலர்த்துகிறவர்களிடம் ஜாடையில் பேசுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட முடியாத இருவர் பார்வையாலேயே நெருங்குவதை யூன் இவ்வளவு அழகாக எழுதியிருப்பதால்தான் நாவலின் பின்பாதி மேல் எங்களுக்கு அத்தனை எதிர்பார்ப்பு ஏற்பட்டது.

அந்தப் பின்பாதிதான் கைவிட்டது. மேடி உயிரைப் பணயம் வைத்து ஆலியுடன் ஹவாய்க்குப் போகிறாள். அங்கே அவள் இதயம் நின்று மீண்டும் துடிக்கிறது. வீடு திரும்பியபின், உனக்கு அந்த நோயே இல்லை என்று அங்கிருந்த மருத்துவர் எழுதுகிறார். கணவனையும் மகனையும் விபத்தில் பறிகொடுத்த தாய், எஞ்சிய மகளையும் இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் இல்லாத நோயை இருப்பதாகத் தானும் நம்பி, மகளையும் நம்பவைத்திருக்கிறாள். அந்த இடம் வந்ததும் ஒரு பெண் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, “இன்னாக்கா இது, அவளுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சா? அப்போ இவ்ளோ நேரம் நான் எதுக்கு அழுதேன்?” என்று கேட்டாள். இந்த நாவலைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும் விட இந்தக் கேள்வி கூர்மையானது.

ஏனென்றால் அந்த நோய் கற்பனை நோய் அன்று. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவன் அந்த நோயுடன் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்து, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு 1984இல் பன்னிரண்டு வயதில் இறந்தான். இன்று, பிறந்த சில மாதங்களுக்குள் கண்டறிந்து மஜ்ஜை மாற்றினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இதற்கான பரிசோதனை 2008இலேயே தொடங்கிவிட்டது. நாவலின் வீட்டுக்குள் இந்த மருத்துவ வளர்ச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதைவிட வருத்தம் தருவது, நாயகிக்கு நோய் இல்லை என்று ஆனபிறகே அவளுக்கு முழு வாழ்க்கை கிடைக்கிறது என்பது. நோயுடனும் உடற்குறையுடனும் வாழும் வாசகர்கள் பலர் இதனால் புண்பட்டதாக எழுதினார்கள். அது நியாயமான வருத்தம் என்றே நினைக்கிறேன். தாயின் மனம் சிதைந்த கதை தனியே ஒரு நாவலுக்கு உரியது. அதைச் சில பக்கங்களில் கடந்துவிட்டு, காதலர்கள் நியூயார்க்கின் பழைய புத்தகக் கடையில் சந்திப்பதற்கு ஆசிரியர் ஓடிவிடுகிறார்.

இரண்டாவது நாவலிலும் ஒரு சுவர் உண்டு. ஆனால் ஆசிரியர் அதை இடித்துத் தள்ளிவிடவில்லை. எட்டு வயதில் ஜமைக்காவிலிருந்து நியூயார்க் வந்த நடாஷாவின் குடும்பத்திடம் குடியுரிமை ஆவணங்கள் இல்லை. அவளுக்குப் பதினேழு வயதாகும்போது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய தந்தை காவலரிடம் உளறிவைத்ததன் விளைவாக, கதை நடக்கும் நாளன்று இரவில் குடும்பமே நாட்டை விட்டு வெளியேற்றப்படவிருக்கிறது. அந்தப் பகலில் அவள் கொரியக் குடும்பத்துப் பிள்ளை டேனியலைச் சந்திக்கிறாள். எல்லாவற்றையும் அறிவியலால் அளப்பவள் அவள். கவிதை எழுதுகிறவன் அவன். முன்பின் தெரியாத இருவரை நெருக்கமாக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட 36 கேள்விகளை வைத்து அவன் அவளைக் காதலிக்க வைக்கப் பார்க்கிறான்.

குறைகள் இதிலும் இருக்கின்றன. நடாஷாவுக்கு உதவ வேண்டிய வழக்கறிஞரே டேனியலைக் கல்லூரிச் சேர்க்கைக்காக நேர்காணல் செய்கிறவராகவும் அமைவது நம் பழைய படங்களின் தற்செயல்களை நினைவூட்டுகிறது. காலையில் பார்த்து மாலைக்குள் உயிருக்குயிராவதை எங்கள் குழுவில் பாதிப்பேர் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை. ஆனால் மாலை வந்தபோது விமானம் புறப்பட்டுவிட்டது. கடைசி நிமிடத்தில் எந்த உத்தரவும் வந்து அவளைக் காப்பாற்றவில்லை. அப்போது மாடியில் யாரும் பேசவில்லை. கால்வாய்க் கரையிலிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, நகரின் தெற்கு ஓரத்திலுள்ள பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குப் போய்விட்ட பள்ளித் தோழியைப் பற்றி ஒரு பெண் மெல்லச் சொல்லத் தொடங்கினாள். எங்கோ எடுத்த ஒரு முடிவு இருவரை எப்படிப் பிரிக்கும் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நாவல் அதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டதுதான் அவளைப் பேசவைத்தது. பல ஆண்டுகள் கழித்து இன்னொரு விமானத்தில் இருவரும் சந்திப்பதாக வரும் பின்னுரை தேவையா என்று அன்று இருட்டும்வரை வாதிட்டார்கள். எனக்கு அது தேவையில்லை என்றே தோன்றியது.

மொழி எளிமையில் முதல் நாவலே முந்துகிறது: சிறு அத்தியாயங்கள், அரட்டைச் செய்திகள், யூனின் கணவர் டேவிட் யூன் வரைந்த படங்கள். இரண்டாவதில் பல குரல்கள் மாறி மாறி வருவதால் முதல் ஐம்பது பக்கங்களுக்குக் கூடவே உட்கார வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் இருந்தாலும், புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டாவதையே கொடுக்கப் போகிறேன். கேக் நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு முதல் நாவலைக் கேட்கிறவர்களுக்கு மறுக்க மாட்டேன். அவர்கள் படித்து முடிக்கும் ஞாயிறு மாலையை மட்டும், ஆசிரியர் பாதியில் விட்டுவிட்ட அந்தத் தாயைப் பற்றிப் பேசுவதற்காக முழுதாக ஒதுக்கி வைத்துக்கொள்வேன்.