அபாகஸ் வகுப்பில் ஓராண்டு: துண்டறிக்கை சொன்னதும் மகள் கற்றதும்

எங்கள் ஊரில் நடக்கும் ஓர் அபாகஸ் (மணிச்சட்டக் கணக்கு) வகுப்புக்கு, நான்காம் வகுப்பு படிக்கும் மகளை ஓராண்டாக வாரம் இருமுறை அனுப்பி வருகிறோம். சேர்க்கும்போது கொடுத்த துண்டறிக்கை, நினைவாற்றல் பன்மடங்கு பெருகும் என்றது. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், கணக்கு கற்பிக்கும் இடம் என்ற அளவில் இது நல்ல வகுப்பு.

முன்பு 47-உடன் 38-ஐ மனக்கணக்காகக் கூட்டச் சொன்னால், 7-ஐயும் 8-ஐயும் விரல்விட்டு 15 என்று கண்டுபிடித்து, 5-ஐ வைத்துக்கொண்டு 1-ஐ அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவதற்குள், அங்கே காத்திருந்த 4-ஐயும் 3-ஐயும் மறந்துவிடுவாள். கூட்டத் தெரியாததால் வந்த பிழையன்று அது. வேலை நடக்கும்போதே இடைவிடைகளைத் தாங்கிநிற்க வேண்டிய செயல்நினைவில் இடம் போதாமல் வந்த பிழை. இந்த நினைவில் ஒலிக்கு ஒரு பகுதியும் காட்சிக்கு ஒரு பகுதியும் தனித்தனியே உண்டு என்று உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974-இல் விளக்கினார்கள். முணுமுணுத்துக் கணக்கிடும் பிள்ளை ஒலிப்பகுதியை நம்பியிருக்கிறது. அபாகஸ் அந்தச் சுமையைக் காட்சிப் பகுதிக்கு மாற்றுகிறது. மேலே 5 மதிப்புள்ள ஒரு மணியும் கீழே 1 மதிப்புள்ள நான்கு மணிகளும் கோத்த கம்பிகளை, இலக்கத்துக்கு ஒன்றாக, மனக்கண்ணில் நிறுத்தி மணிகளை நகர்த்தும்போது, மணிகள் நிற்கும் நிலையே அதுவரையிலான கூட்டுத்தொகை ஆகிவிடுவதால், கூட்டி முடித்த எண்களைச் சுமக்க வேண்டியதில்லை. இப்போது நான் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தாலும், விரல்கள் காற்றில் அசைய அவளுக்கு விடை வந்துவிடுகிறது. விளையாட்டாக ஒருநாள் கைகளைப் பிடித்துக்கொண்டேன், தடுமாறிவிட்டாள்.

மூன்று இலக்கத்துக்கு மேல் ஆசிரியை அவசரப்படுத்துவதில்லை. மனதில் ஒரே நேரத்தில் தெளிவாக நிற்பவை மூன்று நான்கு கம்பிகளே என்பதால் அது சரியான முடிவு. ஆனால் ஒரே அறையில் இருபத்தைந்து பேர் இருப்பதால், யாருடைய விரல் எங்கே தவறுகிறது என்று அவரால் கவனிக்க முடிவதில்லை.

துண்டறிக்கைக்கு வருகிறேன். குஜராத்தின் வடோதராவில் 204 பள்ளிப் பிள்ளைகளிடம் மூன்றாண்டுகள் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அபாகஸ் கற்றவர்கள் கணக்கில் முன்னேறினார்கள். செயல்நினைவு மட்டும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக வளரவில்லை. தொடக்கத்திலேயே காட்சி நினைவு வலுவாக இருந்தவர்களுக்குத்தான் பயனும் மிகுதி. (என் மகளும் தண்ணீர் பாட்டிலை இன்னமும் பள்ளியிலேயே விட்டுவிட்டு வருகிறாள்.)

இரண்டாம் ஆண்டுக்கும் பணம் கட்டிவிட்டோம். அன்று அந்தத் துண்டறிக்கையில் கணக்கு என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். கடைசி வரியில் இருந்தது.