கால் அச்சு எடுக்க எது: பிளாஸ்டரா, ஃபோம் பெட்டியா, ஸ்கேனரா?

ஷூவுக்குள் வைத்த ஆர்த்தோட்டிக், அதாவது பாதத்தைத் தாங்க அளவெடுத்துச் செய்த உள்தட்டு, உறுத்துகிறது என்று ஒருவர் திரும்பி வந்தால், பழி முதலில் அதைச் செய்த லேபின் மேல்தான் விழும். பிளேட்டைத் தேய்ப்பார்கள், சூடாக்கி வளைப்பார்கள், அடியில் ஒட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் காலிலிருந்து எடுத்த அச்சிலேயே இருக்கும். அந்த அச்சை எடுக்க இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. உடல் பாரம் இல்லாமல் காலைப் பிடித்து எடுக்க வேண்டுமா, பாரத்தோடு பதிய வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்தால் தேர்வு பாதி முடிந்தது.

பிளாஸ்டர்தான் பழையது. அமெரிக்கப் பாத மருத்துவர் மெர்ட்டன் ரூட் வகுத்த முறையில் பயின்றவர்கள் பலர் இன்றும் அதை விடவில்லை. நோயாளியைப் படுக்கவைத்து, நான்காம், ஐந்தாம் கால்விரல்களின் அடி மடிப்பில் நம் கைக் கட்டைவிரலை வைத்துக் காலைத் தாங்க வேண்டும். மறு கையின் விரல்கள் கணுக்காலுக்கு முன்னால் டேலஸ் எலும்பின் தலையைத் தடவும். அது உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அளவு தட்டுப்படும் இடத்தில் சப்டேலார் மூட்டு (டேலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையிலானது) நடுநிலையில் இருக்கிறது. அங்கிருந்து சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் மேலே தள்ளி, தடை தெரிந்ததும் நிறுத்த வேண்டும். நாலு மடிப்பு பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பேண்டேஜ் இரண்டு துண்டு போதும்: ஒன்று குதிகாலைச் சுற்றி, மற்றது முன்பாதத்தின் மேல். வெதுவெதுப்பான நீர் நல்லது. சூடு கூடினால் காலைச் சரிப்படுத்துவதற்குள் பிளாஸ்டர் இறுகிவிடும். இறுகிய பிறகு முதலில் தோலை விளிம்பிலிருந்து இழுத்துக் காற்று புகவிட்டு, குதிகாலை விடுவித்து, அச்சை முன்பக்கமாக உருவ வேண்டும்.

இதில் அதிகம் நடக்கும் தவறு, நோயாளி 'உதவி' செய்வது. காலைத் தானே தூக்கிப் பிடிப்பார். கணுக்காலின் முன்பக்கத் தசைநார் புடைக்கும். முன்பாதத்தின் உள்பக்கம் மேலே எழும்பும். அச்சில் அது பிறவி அமைப்பு போலவே தெரியும். லேபும் அதை நம்பிப் பெருவிரல் பக்கத்துக்கு முட்டுக்கொடுக்கும். விளைவு: நடக்கையில் முதல் மெட்டாடார்சல் (பெருவிரலுக்குப் பின்னாலுள்ள நீள எலும்பு) கீழே இறங்க இடமில்லை, பெருவிரல் மடங்காது, அந்த மூட்டிலேயே புது வலி. இதைத் தவிர்க்க அச்சை லேபுக்கு அனுப்புமுன் உள்ளே பாருங்கள். பாத வளைவின் உள்பக்கத்தில் தசைநார் இழுத்த பள்ளம் இருந்தால், கட்டைவிரல் தடம் விரல் மடிப்பில் இல்லாமல் மெட்டாடார்சல் தலையில் பதிந்திருந்தால், அல்லது வெளி ஓரம் நேராக இல்லாமல் வளைந்திருந்தால், தயங்காமல் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். தண்ணீரும் குப்பையும் சேரும், அச்சு காய ஒரு நாள் வேண்டும், கூரியரில் நசுங்கவும் கூடும். சிரமம்தான், ஆனால் மூட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை விரலுக்குக் கற்றுக்கொடுப்பதில் இதற்கு இணையில்லை.

பாதத்தை அழுத்தித் தடம் எடுக்கும் ஃபோம் பெட்டி சில நிமிட வேலை. நோயாளி நாற்காலியில் உட்கார, முழங்கால் செங்கோணத்தில் மடங்கி, கீழ்க்கால் செங்குத்தாக நிற்க வேண்டும். அழுத்துவது நம் கைதான்: முதலில் முழங்காலின் மேல் நேர்கீழாகக் குதிகாலுக்கு, பிறகு முன்பாதத்துக்கு, கடைசியில் விரல்களுக்கு. அழுந்திய ஃபோம் மீளாது. ஒரு பக்கத்துக்கு ஒரே வாய்ப்பு. நோயாளியை எழுந்து நிற்கச் சொல்வதுதான் அவசரக்காரர்கள் செய்வது. அப்போது வளைவு சரியும், குதிச்சதை அகலும், அடித்தட்டில் முட்டிய குதிகால் தட்டையாகும். தொளதொளவென்ற தட்டைப் பாதத்துக்குச் மூட்டின் ஓட்டத்தைத் திருத்தும் ஆர்த்தோட்டிக் செய்ய இந்த அச்சு உதவாது. திருத்த வேண்டிய சரிவையே அது பதிந்து தருகிறது.

ஆனால் சர்க்கரை நோயில் உணர்ச்சி குன்றிய பாதத்துக்கு ஃபோம்தான் என் முதல் தேர்வு. அங்கே மூட்டை நிமிர்த்துவதைவிட அழுத்தத்தை உள்ளங்கால் முழுக்கப் பரப்புவதுதான் வேலை. பாரத்தில் சதை எப்படிப் படிகிறது என்பது தெரிந்தாக வேண்டும். விறைத்த, வளைவு உயர்ந்த பாதத்துக்கும் அப்படியே. தமிழ்நாட்டில் எம்சிஆர் (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பு அணிபவர்களுக்கு அடித்தட்டைக் குடைய இந்த அச்சு நன்றாக ஒத்துவரும். குதிகால் பட்டை இல்லாத செருப்பில் கடினமான பாலிபுரோப்பிலீன் பிளேட்டை வைத்தால் எப்படியும் நிற்காது.

ஸ்கேனருக்கு வருவோம். விற்பவர்கள் சொல்லும் துல்லியம் பொய்யில்லை, ஆனால் அது மேற்பரப்பின் துல்லியம். தவறாகப் பிடித்த காலையும் அதே துல்லியத்தோடுதான் அது பதியும். கண்ணாடித்தட்டில் ஏறி நிற்கச் சொல்லும் வகையில், ஃபோமில் எழுந்து நிற்பதன் குறைகள் அத்தனையும் உண்டு. கூடவே குதிகாலின் அடி கண்ணாடியளவு தட்டையாக வரும். ஐபேடில் மாட்டும் கைவகை எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு கை கால்விரலில், ஒரு கை கணுக்காலில் இருக்க, ஸ்கேனரை யார் பிடிப்பது? உதவியாளர் வேண்டும், அல்லது காலைச் சரியாகப் பிடித்தபின் கணுக்காலிலிருந்து கையை எடுத்து ஸ்கேன் செய்யப் பழக வேண்டும். கால் நடுங்கினால் வளைவின் விளிம்பு இரட்டிக்கும். ஜன்னல் வெயில் பட்டால் அகச்சிவப்பு சென்சார் தடுமாறி ஓட்டை விழும். குதிகாலின் பின்புறமும் பக்கங்களும் விடுபட்டால் மென்பொருள் தானே ஊகித்து நிரப்பிவிடும், ஆர்த்தோட்டிக்கில் குதிகால் உட்காரும் குதிக்கிண்ணம் தளர்ந்து போகும். கோப்பை அனுப்புமுன் குதிகால் அகலத்தைக் காலிப்பரில் அளந்து திரையோடு ஒப்பிடுங்கள். மில்லிமீட்டரும் அங்குலமும் மாறியது, இடது வலது புரண்டது இரண்டும் அதிலும் ஒரு பார்வையிலும் பிடிபடும்.

ஸ்கேனரின் உண்மையான லாபம் பிறகுதான் தெரியும். பாத மருத்துவர் கெவின் கிர்பி 1992-ல் விவரித்த உள்குதிச் சீவலை, அதாவது அச்சில் குதிகாலின் உள்பக்க அடியைச் சீவுவதை, பிளாஸ்டர் அச்சில் கையால் செய்தால் கை பிசகலாம். திரையில் நாலு மில்லிமீட்டர் என்றால் நாலுதான், போதவில்லையென்றால் அதே கோப்பில் ஆறு. இரண்டாவது ஜோடிக்கு நோயாளி வரவே தேவையில்லை.

புதிதாகக் கிளினிக் தொடங்குபவர் ஸ்கேனரில் பணம் போடுமுன் ஒரு மூட்டை பிஓபி வாங்கி, ஒரே காலை மூன்று முறை அச்செடுத்துப் பாருங்கள். மூன்றிலும் முன்பாதச் சாய்வு ஒன்றுபோல வந்தால் ஸ்கேனருக்குப் போகலாம். சர்க்கரை நோயாளிகள்தான் அதிகம் வருவார்கள் என்றால், ஃபோம் பெட்டிகளை ஈரம் படாமல் அலமாரியின் மேல்தட்டில் அடுக்கிவைத்துக்கொண்டு, மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.