பழைய எலும்பில் நோயைத் தேட எது நல்லது: கண்ணா, டி.என்.ஏ-வா?

ரப்பர் கன்று வைக்கக் குழி எடுக்கும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ ஒரு முதுமக்கள் தாழி தட்டுப்பட்டு உள்ளே எலும்பும் இருந்தால், டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் அவர் என்ன நோயில் இறந்தார் என்பது வரை தெரிந்துவிடும் என்று இப்போது எல்லாருமே சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம்ம குமரி மண்ணுக்கு முதலில் வேண்டியது எலும்பு பார்த்துப் பழகிய கண்.

கண்ணால் பார்ப்பதில் எலும்புக்குச் சேதமே இல்லை. தொழுநோய் முற்றினால் மூக்குத் துவாரத்தின் விளிம்பு மழுங்கும், மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பு கரையும், விரல் எலும்பு சீவிய பென்சில் மாதிரி கூராகிவிடும். காசநோய் முதுகுத்தண்டைப் பிடித்தால் முள்ளெலும்பு இடிந்து கூன் விழும். ராஜஸ்தானில் பாலாத்தல் என்ற இடத்தில் கிடைத்த சுமார் 4000 ஆண்டுப் பழைய எலும்புக்கூட்டில் தொழுநோய் இருந்தது என்று 2009-ல் சொன்னது இப்படிப் பார்த்துத்தான்.

ஆனால் காசநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்குத்தான் அது எலும்பு வரை போகும். பிளேக், காலராவெல்லாம் சில நாளில் ஆளை முடித்துவிடுவதால் எலும்பில் ஒரு கீறல்கூட இருக்காது. அதனால் தழும்புள்ள எலும்பு பல வருடம் நோயோடு மல்லுக்கட்டியவருடையது, சுத்தமான எலும்போ ஒரே வாரத்தில் போனவருடையதாகக்கூட இருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இந்த இடத்தில்தான் டி.என்.ஏ. ஜெயிக்கிறது. லண்டனில் 1348-50 கொள்ளைநோயில் இறந்தவர்களின் பல்லிலிருந்து பிளேக் கிருமியின் மரபுத்தொகுதியையே, அதாவது அதன் மொத்த டி.என்.ஏ. வரிசையையே, 2011-ல் எடுத்துவிட்டார்கள். பல்லின் நடுக்குழிக்குள் ரத்தம் ஓடுவதால் ரத்தத்தில் திரிந்த கிருமி அங்கே தங்கிவிடும். மனித டி.என்.ஏ-வுக்குப் பேர்போன காதோரப் பாறை எலும்பு, கிருமிக்கு அவ்வளவு உதவாது. ஆனால் பல்லைத் துளைத்துப் பொடியாக்கினால் போனது போனதுதான், அதோடு காசநோய்க் கிருமிக்குப் பங்காளிகளாக மண்ணில் வாழும் வேறு கிருமிகளும் அந்தப் பொடியில் கலந்து ஆளை ஏமாற்றும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, மற்ற நாளில் புழுக்கம். செம்மண்ணில் புளிப்புத்தன்மை அதிகம் என்பதால் எலும்பின் சுண்ணாம்பு கரைந்துபோகும், சூட்டில் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். லண்டன் குளிர் மண்ணுக்குக் கொடுத்து வைத்த பாக்கியம் இங்கே இல்லை. பாலாத்தலில்கூட உடலைச் சாணம் எரித்த சாம்பல் நிறைந்த கல் அடைப்புக்குள்தான் புதைத்திருந்தார்கள், எலும்பு தப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் மேலுறையில் இருக்கும் மெழுகுக் கொழுப்பைத் தேடுவது. டி.என்.ஏ-வை விட இது தாக்குப்பிடிக்கும், ஆனால் அந்த ஒரு கிருமிக் குடும்பத்தைப் பற்றி மட்டும்தான் பேசும்.

என்னைக் கேட்டால், முதலில் கண், பிறகு எக்ஸ்ரே, அப்போதும் சந்தேகம் மிஞ்சினால் டி.என்.ஏ-வுக்கு ஒரே ஒரு பல், அதுவும் படமெடுத்து அளந்து வைத்த பிறகு. தாழி கண்ணில் பட்டால் எலும்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், பல்லை வெறுங்கையால் தொடாதீர்கள். தோண்டுவதை நிறுத்திவிட்டு, அப்படியே மண்ணோடு விட்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.