ஒன்பது லைப்போ வாங்கிய பிறகு

என்னுடையது ரிமோட்டில் ஓட்டும் 1/10 அளவு பக்கி கார், பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும் டூ வீல் டிரைவ். சென்னைக்கு வெளியே ஒரு காலி மனையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மண்ணைக் குவித்து டிராக் போட்டிருக்கிறோம். ஞாயிறு காலை ஐந்து நிமிடப் பந்தயம் நாலைந்து நடக்கும். ஐந்து வருடத்தில் இதற்கு ஒன்பது லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, வாங்கியிருக்கிறேன். நாலு குப்பைக்குப் போய்விட்டன. அதில் மூன்று என் தப்பு, ஒன்று லேபிளை நம்பியதால் வந்த வினை.

ஆரம்பத்தில் வண்டியோடு வந்தது ஆறு செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 7.2 வோல்ட். கிட்டத்தட்ட 400 கிராம், செங்கல் மாதிரி. ஆனால் எதையும் தாங்கும். அந்தத் தைரியத்தில் முதல் லைப்போவை வாங்கி அப்படியே சொருகி ஓட்டினேன். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர் பழைய பேட்டரிக்கான செட்டிங்கிலேயே இருந்தது. வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரை நிறுத்தச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை. லைப்போ செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவே கூடாது. நான் வண்டி ஊர்ந்து நிற்கும்வரை ஓட்டினேன். ஒரு செல் 2.4-க்குப் போயிருந்தது. இரண்டே வாரத்தில் முதல் பேட்டரி காலி.

இரண்டாவது பாடம் சி ரேட்டிங், அதாவது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்கிற எண். ஒரு பேட்டரியில் ‘5000 எம்ஏஎச், 100சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 5000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்றால் 5 ஆம்பியர் மணி; நூறு மடங்கு என்று கணக்குப் போட்டால் அது 500 ஆம்பியர் தர வேண்டும். இரண்டு செல் சேர்ந்த 7.4 வோல்ட்டில் 3700 வாட், அதாவது வயலில் நீர் இறைக்கும் 5 எச்.பி. பம்பு செட்டின் சக்தி, கையகல டப்பாவிலிருந்து! அந்த வேகத்தில் இறக்கினால் முழு பேட்டரியும் 36 வினாடியில் தீர்ந்துவிடும். அதை வண்டியோடு இணைக்கும் எக்ஸ்டி60 பிளக்குக்கே 60 ஆம்பியர்தான் கணக்கு. இதெல்லாம் வாங்கிய பிறகு வந்த ஞானம்.

தராசில் வைத்தபோதுதான் உறைத்தது. அந்த 100சி 248 கிராம். அதே அளவு, அதே 5000 போட்ட, அடக்கமாக 50சி என்று சொல்லிக்கொண்ட இன்னொன்று 290 கிராம். நிறைய மின்சாரம் தர உள்ளே செம்பும் அலுமினியமும் கூடுதலாக வேண்டும். அதற்கு எடை இல்லாமல் இருக்காது. அதனால் இப்போதெல்லாம் லேபிளில் சி எண்ணைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பார்க்கிறேன்.

அதைவிட நம்பகமானது உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியேறுவதைப் பேட்டரியே உள்ளே எவ்வளவு தடுக்கிறது என்பது. கொஞ்சம் நல்ல சார்ஜர்கள் பலவும் அதைச் செல் வாரியாக மில்லிஓமில் காட்டும். மலிவு சார்ஜர் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே சார்ஜரில் தொடர்ந்து பார்த்தால் ஏற்றம் தெரியும். மாதம் ஒரு தடவை நோட்டில் எழுதுகிறேன். 50சி வாங்கியபோது செல்லுக்கு 3 மில்லிஓம். 100சி வாங்கியபோதே 7, எட்டு மாதத்தில் 14. இரண்டு செல்லுக்கு 28 என்றால், 60 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் 1.7 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே சூடாகக் கரைகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டி ஏன் சோம்பலாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அப்புறம் ஒரு விஷயம்: பேட்டரி சூடாக இருந்தால் இந்த எண் குறைந்து தெரியும். மே மாத மதியத்தையும் மார்கழிக் காலையையும் ஒப்பிட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

கொள்ளளவிலும் நான் பேராசைப்பட்டேன். ஒரு பந்தயம் முடிந்து சார்ஜ் செய்தால் திரும்ப ஏறுவது 1800 எம்ஏஎச் அளவுதான். மீதி 3200-ஐ ஐந்து நிமிடம் சும்மா சுமந்திருக்கிறேன். இப்போது பந்தயத்துக்கு 4000 சொச்சம் உள்ள ஷார்ட்டி என்கிற குட்டை பேட்டரி, முழு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். மிச்ச இடத்தில் நுரைத்துண்டு அடைத்து, ஈரமண்ணில் பேட்டரியைப் பின்னால் தள்ளி வைப்பேன். பின்சக்கரப் பிடி கூடும். பயிற்சிக்கு மட்டும் பழைய 5000.

குப்பைக்குப் போன மற்ற இரண்டும் ஓட்டியதால் கெடவில்லை, அலமாரியில் செத்தன. ஒரு ஞாயிறு மழை பெய்தது, பந்தயம் இல்லை. சனி இரவே நிறைத்து வைத்த இரண்டையும் அப்படியே உள்ளே தள்ளிவிட்டு, பிள்ளைகள் தேர்வு, ஊர்ப் பயணம் என்று ஒன்றரை மாதம் திறக்கவில்லை. கோடை வேறு. எடுத்தபோது இரண்டும் உப்பியிருந்தன. ஹார்டு கேஸ், அதாவது கெட்டியான பிளாஸ்டிக் உறை, என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி மேசையில் வைத்தால் ஆடியது. லைப்போவை நிறைத்து வைத்தால் உள்ளே மெல்லக் கெடும், வெயில் அதை விரட்டும். செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைப்பதுதான் சரி. அதனால் இப்போது பந்தயக் காலையில்தான் சார்ஜ், 5000-க்கு 5 ஆம்பியர், எப்போதும் செல்களைச் சமமாக நிறைக்கும் பேலன்ஸ் பிளக்கைச் சொருகி, பக்கத்தில் உட்கார்ந்து. மழை வந்தால் நிறைத்ததை 3.8-க்கு இறக்க வேண்டும்; சார்ஜரின் டிஸ்சார்ஜை நம்பினால் பாதி நாள் போய்விடும். 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கம்பி வைத்துச் சாலிடர் செய்து வைத்திருக்கிறேன். முக்கால் மணி நேரத்துக்குள் 3.8-க்கு வந்துவிடும். வோல்டேஜ் இறங்கினால் கத்தும் அலாரம் மாட்டாமல் இதைச் செய்யாதீர்கள், பல்பை வெறுங்கையால் தொடவும் கூடாது.

பேட்டரியை நாம் வந்த காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் இதே கதைதான். அடைத்த காருக்குள் சூடு எப்படி ஏறும் என்று நம் ஊரில் சொல்லத் தேவையில்லை.

மிச்சமிருக்கும் ஐந்தில் மூத்தது அந்த 50சி. நாலு வயது, செல்லுக்கு 6 மில்லிஓம், பயிற்சிக்கு இன்னும் வருகிறது. அடுத்து வாங்கப்போவது இன்னொரு ஷார்ட்டி. வந்ததும் முதலில் மீட்டரை வைப்பேன்: போன தடவை ஒன்று செல்லுக்கு 3.1 வோல்ட்டில் வந்தது, எத்தனை நாள் கிடங்கில் கிடந்ததோ, அன்றே திருப்பி அனுப்பினேன்.