5 மி.மீ. உடையா, 3 மி.மீ. உடையும் ஹூட் வெஸ்ட்டுமா?

புதுச்சேரிக் கடலில் முக்குளிக்க வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை, எதற்கு என்று கரையில் நிற்பவர்கள் கேட்பதுண்டு. நீர் 28 டிகிரி இருந்தாலும் உடம்பு 37 டிகிரி. காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் நீர் வெப்பத்தைப் பறித்துக்கொள்ளும். முதல் முறை இறங்கும்போது உறைக்காது. அதே நாளில் மறுமுறை இறங்கினால் பல் கிட்டும்.

சொந்தமாக உடை வாங்கும்போது என் முன்னால் இருந்தவை இரண்டு: 5 மி.மீ. முழு உடை ஒன்று, அல்லது 3 மி.மீ. முழு உடையும் அதற்குள் போடும், தலையையும் மூடும் உள்சட்டையான 2 மி.மீ. ஹூட் வெஸ்ட்டும். இரண்டாவதை வாங்கினேன். மார்பில் தடிமன் இரண்டிலும் ஒன்றுதான். ஆழம் கூடினால் நியோப்ரீன் என்ற அந்த ரப்பர் நுரை நசுங்கி மெலிவதும் இரண்டுக்கும் பொது. 5 மி.மீ. உடைக்கு, மிதக்காமல் மூழ்க ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டும், காயவும் நேரமாகும். இவற்றை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவு செய்தது கழுத்துதான். வெட்சூட் நீரை முழுதாகத் தடுப்பதில்லை. உள்ளே புகுந்த நீர் இடம் மாறாமல் இருந்தால் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி நிற்கும். பவளப் பாறை இடுக்கைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் காலர் விலகும். முதுகெலும்பு நெடுக ஒரு குளிர்ந்த கோடு இறங்கி இடுப்புக்கு மேலுள்ள பள்ளத்தில் போய்த் தேங்கும். மறுபடி சூடாக்க வேண்டியது உடம்புதான். ரெடிமேட் உடை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த வழி அடைபடாது. ஹூட் வெஸ்ட்டில் தலையும் கழுத்தும் மார்பும் ஒரே துண்டு. அதன்மேல் உடையின் காலர் படிவதால் நீர் நுழைய வழி குறைவு. தலையும் மூடியிருக்கிறது. கைகளில் 3 மி.மீ. மட்டுமே என்பதால் தோளை வீசி அசைக்கலாம். நீர் சூடாக உள்ள மாதங்களில் வெஸ்ட்டை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

தொல்லையும் உண்டு. ஹூட் காதோடு ஒட்டிக்கொண்டால் அழுத்தத்தைச் சமன் செய்வது சிரமம். விளிம்பைச் சற்றே இழுத்து நீரை உள்ளே விட வேண்டும். கழுத்தை இறுக்கும் ஹூட் தலைசுற்றலைக் கொண்டுவரும், அதை வாங்கவே வேண்டாம்.

என் அனுபவமெல்லாம் வெப்பக் கடல்தான். 20 டிகிரிக்குக் கீழே இந்த ஜோடி எவ்வளவு தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே 7 மி.மீ. உடை அல்லது நீரே உள்ளே புகாத டிரைசூட் அணிபவர்களிடம் கேளுங்கள். அளவெடுத்துத் தைத்த 5 மி.மீ. உடை கிடைத்தாலும் கணக்கு மாறலாம். எதை வாங்கினாலும் கடையில் போட்டுக்கொண்டு குனிந்து, கைகளை உயர்த்தி, கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். முதுகுப் பள்ளத்தில் உடை ஒட்டாமல் நின்றால் ஒரு அளவு சிறியதைக் கேளுங்கள்.