பைக் ட்ரயல்ஸ்: ஏறுவதற்கு மூன்று வழி, இறங்குவதற்கு மூன்று வழி, எதை முதலில் பழகுவது?

மூன்று யூரோ பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் 43 செ.மீ. உயரம் வரும். ஏறக்குறைய ஒரு திண்ணை உயரம். தரையில் கால் ஊன்றாமல் சைக்கிளிலேயே தடைகளை ஏறி இறங்கிக் கடப்பதுதான் ட்ரயல்ஸ். இதைப் பழக வருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் ஆசை, சைக்கிளோடு அந்த உயரத்துக்குத் துள்ளி ஏறிவிட வேண்டும் என்பதுதான். விடாமல் பழகினால் ஏறியும் விடுகிறார்கள். ஏறி நின்று கீழே பார்க்கும்போதுதான் இறங்கப் பழகவே இல்லை என்பது உறைக்கிறது. என் அனுபவத்தில் பல்லும் மணிக்கட்டும் அடிபடுவது ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான். அதனால் இங்கே ஏறுவதைச் சுருக்கமாகவும் இறங்குவதைக் கொஞ்சம் நிதானமாகவும் பார்க்கிறேன்.

இந்த விளையாட்டு மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸில் இருந்து வந்தது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் பெரே பி என்ற மோட்டார் சைக்கிள் வீரர், தன் மகன் ஓட் பி சின்ன வயதிலேயே இந்த நுட்பங்களைப் பழகட்டும் என்று சைக்கிளில் விட்டார். அந்த மகன் பின்னாளில் உலகச் சாம்பியன் ஆனார். காலை ஊன்றினால் தண்டனை என்ற அடிப்படை விதி மோட்டார் சைக்கிளில் இருந்து அப்படியே வந்ததுதான். மெதுவாக, நின்ற இடத்தில் நின்றபடி எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருப்பதும் அதனால்தான்.

முதலில் ஏறுவதைப் பார்ப்போம். பன்னி ஹாப், சைட் ஹாப், பெடல் கிக் என்று மூன்று வழிகள்.

பன்னி ஹாப் ஓடி வந்து தாண்டுகிற வகை. முன் சக்கரத்தைத் தூக்கி, இடுப்பை ஹேண்டில்பார் பக்கம் கொண்டுவந்து, பின் சக்கரத்தைக் கூடவே இழுத்துக்கொள்வது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு இது அருமையான வித்தை. ட்ரயல்ஸுக்கு மட்டும் இதை நம்ப முடியாது. இரண்டு பாறைக்கு நடுவே ஒரு சைக்கிள் நீளம்தான் இடம் இருக்கும், வேகம் எடுக்க வழியில்லை. வேகத்தோடு மேலே போய்விட்டாலும் அங்கே நிற்க முடியாமல் உருண்டு போய்விடுவோம்.

சைட் ஹாப்பில் தடைக்குப் பக்கவாட்டில் நின்று, பிரேக்கைப் பிடித்தபடி பின் சக்கரத்தில் துள்ளி, குந்தி எழுந்து, உடம்பையும் வண்டியையும் சேர்த்துப் பக்கவாட்டில் எறிய வேண்டும். பெடலை மிதிக்கவே தேவையில்லை. அதனால் சாதாரண எம்டிபியிலும் (மலைப்பாதை சைக்கிள்) 20, 30 செ.மீ. வரை தாராளமாகப் பழகலாம். கையில் இருக்கும் வண்டியை வைத்துத் தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் தவறினால் பெடல் விளிம்பில் மாட்டி, வெளிப்பக்கமாக மல்லாந்து விழுவோம். முன்னால் விழுவதைவிட இதற்குத்தான் எனக்குப் பயம் அதிகம், ஏனென்றால் விழும் திசையைப் பார்க்க முடியாது.

பெடல் கிக்தான் ட்ரயல்ஸின் உயிர். நன்றாகப் பழக்கமான கால் முன் பெடலில், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கம்பி) கிடைமட்டத்துக்குச் சற்று மேலே. முன் சக்கரம் அந்தரத்தில் இருக்க, பின் சக்கரத்தில் இரண்டு மூன்று துள்ளல். அப்புறம் முழங்காலை மடக்கிக் குந்தி, பின் பிரேக்கை விட்டு, கிராங்கைக் கால் பங்குச் சுற்று அழுத்தி, உடம்பை முன்னே எறிந்து, சக்கரம் தொடும்போது மறுபடி பிரேக்கைப் பிடிக்க வேண்டும். இத்தனையும் ஒரு நொடிக்குள் நடக்கும். இதில் ஒரே ஒரு விரலின் வேலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆள்காட்டி விரல் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக விட்டால் வண்டி நகராது, மிதித்த பலம் வீண். கொஞ்சம் முந்தி விட்டால் சக்கரம் உருண்டுவிடும், துள்ளல் வராது. சரியான நேரத்தில் விட்டால் பிரேக் பிடிக்கும் சக்கர வளையமான ரிம்மில் இருந்து 'கிச்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஒரே சீராக வரும் வரைக்கும் சமதரையில்தான் பழக வேண்டும்.

ஏறுவதற்கு மட்டும் ஒன்றைச் சொல் என்றால், இருக்கும் வண்டியில் சைட் ஹாப் என்பேன். ஆனால் இறங்குவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பதில் மாறிவிடுகிறது.

சரி, இறங்குவோம். இதிலும் மூன்று வழி: வேகத்தோடு போய் இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்குவது, வீலி இறக்கம், பின் சக்கரத்தில் நின்று பெடல் கிக் போட்டு இறங்குவது.

43 செ.மீ. உயரத்தில் இருந்து நேராக விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 10 கி.மீ. சற்று மேலே. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் தொட்டால் அந்த வேகம் முழுவதையும் மணிக்கட்டும் முழங்காலும் ஒரே அடியில் தாங்க வேண்டும். வண்டி உருண்டு போக எதிரே இடம் இருந்தால் சமாளிக்கலாம். சாய்வான தரை என்றால் இன்னும் நல்லது. ஆனால் சமதரையில், எதிரே சுவர் இருக்கும் இடத்தில், இந்த முறை உதவாது.

வீலி இறக்கம்தான் பலரும் முதலில் சொல்லிக்கொடுப்பது. மெதுவாக விளிம்புக்கு வந்து, ஒரு மிதியில் முன் சக்கரத்தைத் தூக்கி, பின் சக்கரத்தை உருட்டிக் கீழே விடுவது. எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மிதியை நம்பித்தான் எல்லாமே இருக்கிறது. செயின் கொஞ்சம் நழுவினாலோ, ஃப்ரீஹப் (மிதித்தால் பிடித்து, மிதிக்காதபோது சக்கரத்தைச் சும்மா சுற்றவிடும் பின் சக்கர அமைப்பு) பிடிக்கத் தாமதமானாலோ முன் சக்கரம் விளிம்பில் குப்புற இறங்கும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போய்விடுவார். சாதாரண ஃப்ரீஹப்பில் சுற்றுக்கு 18 பிடிப்பு இருந்தால், முன்னும் பின்னும் பல் ஏறக்குறைய சமமான கியரில் கிராங்கை மிதித்ததும் ஏறக்குறைய 20 டிகிரி வரை வெறுமனே சுற்றலாம். வீலிக்கு நாம் பயன்படுத்துவதே கால் பங்குச் சுற்று, அதாவது 90 டிகிரி. அதில் ஐந்தில் ஒரு பங்கு காற்றில் போனால் என்ன மிஞ்சும்? ட்ரயல்ஸ் வண்டியில் இதே வேலையைக் கிராங்கிலேயே செய்யும் ஃப்ரீவீலில் 108 பிடிப்பு என்று நிறைய வருவது இதற்காகத்தான். அதில் அந்த வெற்றுச் சுற்று 3 டிகிரி சொச்சம்தான்.

பெடல் கிக் இறக்கத்தில் இந்த ஆபத்து விளிம்புக்கு வரும் முன்பே தீர்ந்துவிடுகிறது, எனக்கு இது பிடித்திருப்பதே அதனால்தான். முன் சக்கரம் ஏற்கெனவே மேலே இருக்கிறது. விளிம்பில் பின் சக்கரத்தில் துள்ளிக்கொண்டே, தயாரா இல்லையா என்று யோசிக்க நேரம் இருக்கிறது. வேண்டாம் என்று தோன்றினால் முன் சக்கரத்தை இறக்கிப் பின்னால் வந்துவிடலாம். போவதென்று முடிவானால் பெரிய கிக் தேவையில்லை, டயர் விளிம்பைத் தாண்டினால் போதும். இறங்கும்போது கைகளை நீட்டி, கால்களையும் நீட்டி, பின் சக்கரத்தைத் தரையை நோக்கித் தள்ள வேண்டும். பின் டயர் முதலில் தொடும். அதன்பின் கணுக்கால், முழங்கால், இடுப்பு வரிசையாக மடங்கும். கடைசியில் முன் சக்கரம் வந்து சேரும். அடி இரண்டு தவணையாகப் பிரிந்துவிடுவதால் மணிக்கட்டுக்கு வந்து சேருவது கொஞ்சம்தான்.

இதன் பலவீனம் பின் பிரேக்தான். டயர் தரையைத் தொடும்முன் சக்கரம் பூட்டியிருக்க வேண்டும். பூட்டாவிட்டால் சக்கரம் முன்னே ஓடிவிடும், ஆள் முதுகில் விழுவார். எனக்கு நடந்தது அதுதான். காலைப் பனியில் ரிம் நனைந்திருந்தது, நான் துடைக்கவில்லை. இரண்டு பேலட் உயரம்தான். பிரேக் வழுக்கியது, வால் எலும்பு வலி தீர மூன்று வாரம் ஆனது. அன்றில் இருந்து ஏறுவதற்கு முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து, பிரேக்கை ஒரு தடவை பிடித்துப் பார்க்காமல் விளிம்புக்குப் போவதில்லை. ரிம் பிரேக் வைத்திருக்கும் ட்ரயல்ஸ்காரர்கள் ரிம்மின் பக்கத்தைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, சிலர் அதன் மேல் லேசாகத் தாரும் தேய்ப்பது இந்தப் பிடிக்காகத்தான். டிஸ்க் பிரேக் என்றால் ஈரத்தில் கவலை குறைவு, ஆனால் பிரேக் பிடிக்கும் தட்டான ரோட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது.

வண்டியைப் பற்றியும் கேட்பீர்கள். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் போட்டிகளில் சக்கர அளவை வைத்து 20 இஞ்ச், 26 இஞ்ச் என்று பிரிவுகள் உண்டு. ஸ்காட்லாந்தின் டேனி மக்காஸ்கில் 2009ல் எடின்பரோ தெருக்களில் ஓட்டி உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது 24 இஞ்ச் வண்டியில். 20 இஞ்ச் வண்டி கைக்கு அடங்கும், 26 இஞ்ச் வண்டியின் பெரிய சக்கரம் விளிம்பில் ஏற உதவும். கியர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன் பல், பின் பல் எண்ணிக்கை 20க்கு 18:12, 26க்கு 18:15 என்று வைப்பது வழக்கம், ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் கிட்டத்தட்ட சமமாக வரும். உங்களிடம் 26 இஞ்ச் எம்டிபிதான் இருக்கிறது என்றால் முன்னால் 32, பின்னால் 28 பல் வைத்துப் பாருங்கள், பழக அது போதும். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். முன் சஸ்பென்ஷனைப் பூட்ட முடிந்தால் பூட்டுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் குந்தி எழும் பலத்தை அது விழுங்கிவிடும். ஹெல்மெட்டும் கணைக்கால் கவசமும் இல்லாமல் ஒருநாளும் தொடங்க வேண்டாம். பெடல் முள் எலும்பில் இழுத்த தழும்பு எனக்கு இரண்டு காலிலும் இருக்கிறது.

ஆக, நான் யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் இந்த வரிசையில்தான் போவேன்: நின்ற இடத்தில் சமநிலை, பின் சக்கரத் துள்ளல், சமதரையில் பெடல் கிக், உடனே இறக்கம். சைட் ஹாப் ஏறுவது அதற்கு அப்புறம். இறக்கம் பழக ஒரே ஒரு பேலட் போதும். விளிம்பில் இருந்து இரண்டு அடி தள்ளித் தரையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். பின் டயர் அந்தக் கோட்டில் விழுந்து அங்கேயே நிற்க வேண்டும், உருளக் கூடாது. டயரில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை ஒட்டினால் இரண்டாவது பேலட்டைத் தூக்கி வைக்கலாம்.