கேன் ஓப்பனர்: எது வருஷக்கணக்கில் உழைக்கும்?

போன வருஷம் கோடையில் அம்மா ஊரிலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்தார். பேத்திக்கு மாம்பழ லஸ்ஸி போட்டுத் தருகிறேன் என்று 850 கிராம் மாம்பழக் கூழ் டின் ஒன்றை எடுத்தார். இங்கே அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் நாங்கள் வாங்கும் கூழ் டின்களில் பெரும்பாலும் இழுத்துத் திறக்கும் வளையம் இருக்காது. ஓப்பனரை மாட்டித் திருகினார். முக்கால் வட்டம் போனதும் சக்கரம் வழுக்கியது. மறுபடி மாட்டினால் ஒரே இடத்தில் நின்று விளிம்பைச் சுரண்டியதே தவிர, நகரவில்லை. “விடுடா, கத்தியைக் கொடு” என்று வாங்கி, முனையை உள்ளே விட்டு நெம்பினார். மூடித் தகடு விருட்டென்று எழும்பி, கட்டை விரலின் அடிச்சதையைக் கிழித்துவிட்டது. ரத்தம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

எட்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் கெட்டுப்போன நான்காவது ஓப்பனர் அது. நாலும் பார்க்கப் பளபளப்பாக, கைக்கு மெத்தென்று ரப்பர் பிடியோடு வந்தவைதான். அன்றைக்கு ராத்திரி அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொரு வகையிலும் ஒன்று வாங்கியோ இரவல் வாங்கியோ, ஒரு வருஷம் வீட்டுக்கு வந்த கொண்டைக்கடலை, தேங்காய்ப்பால், தக்காளி, கூழ் டின்களை எல்லாம் அவற்றாலேயே திறந்து பார்த்தேன்.

ஒப்பிடும் முன் டின்னின் விளிம்பை ஒருமுறை தடவிப் பாருங்கள். உடல் தகடும் மூடித் தகடும் ஒன்றையொன்று கொக்கி மாதிரி மாட்டி, மடிந்து, நசுக்கி அழுத்தப்பட்டிருக்கும். இந்த இரட்டை மடிப்பை ஓப்பனர் எங்கே தொடுகிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. மடிப்புக்கு உள்பக்கமாக மூடியைக் குத்தி வெட்டுவது ஒன்று. அதை மேல்வெட்டு என்கிறேன். மடிப்பையே வெளியிலிருந்து பக்கவாட்டில் வெட்டுவது இன்னொன்று, அது பக்கவெட்டு.

மேல்வெட்டுதான் பழையது. டின்னில் உணவை அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் 1810இல் காப்புரிமை கொடுத்தார்கள். ஆரம்ப காலத்தில் அதைத் திறக்க உளியும் சுத்தியலும்தான். வட்டச் சக்கரம் வைத்து வெட்டும் கருவிக்கு வில்லியம் லைமன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது 1870இல். 1925இல் பல் வைத்த இன்னொரு சக்கரம் சேர்ந்தது. அது விளிம்பை வெளியிலிருந்து கவ்வி டின்னைச் சுற்றிக்கொண்டே போகும். இன்று நம் டிராயரில் கிடப்பது இதன் வழிவந்ததுதான்.

மேல்வெட்டிலேயே இரண்டு ரகம் உண்டு. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். ஒன்றில், பல்சக்கரத்தை மட்டும் நாம் திருகுகிறோம்; வெட்டும் சக்கரம் தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டு இழுபட்டுப் போகிறது. இன்னொன்றில், இரண்டின் பின்னாலும் பல் வைத்த கியர்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். திருகைத் திருப்பினால் வெட்டும் சக்கரமும் கூடவே சுழன்று உந்தும். எங்கள் வீட்டில் கெட்டது முதல் ரகம். அதன் சக்கரம் மழுங்கவில்லை. அச்சு நிற்கிற ஓட்டை மெல்லிய தகட்டில் போடப்பட்டிருந்தது. நாளடைவில் அது அகண்டு, சக்கரம் ஆட ஆரம்பித்திருக்கிறது. பிடியை முழுசாக அழுத்தின பிறகும் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. அந்த இடைவெளியில்தான் விளிம்பு வழுக்குகிறது.

ஆகவே தினசரி உபயோகத்தில் நீண்ட நாள் உழைப்பு என்று கேட்டால், என் பதில் இரட்டைக் கியர் வைத்த, கனத்த எஃகில் செய்த மேல்வெட்டு ஓப்பனர். செயின்ட் லூயிஸ் நகரில் 1938இல் வந்த ஸ்விங்-அ-வே இந்த அமைப்புக்குப் பேர்போனது. அதே அமைப்பில் மிசூரி மாநிலத்திலேயே ஈஸி-டஸ்-இட் என்ற பெயரில் ஒன்று செய்கிறார்கள். நான் வாங்கியது அதைத்தான். கையில் எடுத்ததுமே கனம் தெரிகிறது. திருகு நீளமாக இருப்பதால் மணிக்கட்டு நோகாது. கூழ் டின்னில் வைத்து அழுத்தினால் ஒரு “டக்”; அதன் பிறகு நிற்காமல் ஒரே சுற்று.

இதற்குக் குறைகளும் உண்டு. மூடியின் ஓரம் பிளேடு மாதிரி கூர்மையாக வரும். வெட்டும் சக்கரம் உணவைத் தொடுகிறது, ஆகவே ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். கழுவாத சக்கரத்தில் காய்ந்த கறுப்பு அழுக்கைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன் என்று புரியும். மூடி சில நேரம் உள்ளே விழும்.

பக்கவெட்டு இந்த மூன்றையும் தீர்க்கிறது. மடிப்பின் வெளித்தகட்டை மட்டும் அறுப்பதால் மூடி விளிம்போடு சேர்ந்து தொப்பி மாதிரி கழன்று வரும். ஓரத்தை விரலால் தடவினாலும் கீறாது. சக்கரம் உணவில் படுவதே இல்லை. மீதியிருக்கும் தேங்காய்ப்பாலின் மேல் அதே மூடியைக் கவிழ்த்து வைக்கலாம். கூன் ரிக்கோன், ஆக்ஸோ போன்ற பெரிய பெயர்கள் இந்த வகையை விற்கின்றன.

ஆனால் கொண்டைக்கடலை டின்னை வைத்துப் பாருங்கள். மேல்வெட்டில் வரும் மூடி டின்னின் வாயைவிடச் சிறியது. அதையே உள்ளே அமுக்கிச் சாய்த்தால் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும், வடிகட்டி தேவையில்லை. பக்கவெட்டு மூடி வாயைவிடப் பெரியது, அமுக்க முடியாது. இன்னொன்று, ஒரு தகட்டை மட்டும் அறுக்க வேண்டுமென்றால் வெட்டும் ஆழம் துல்லியமாக இருக்க வேண்டும். விளிம்பு நசுங்கிய டின்னில் தடுமாறும். அச்சு துளி ஆடினாலும் வேலை கெடும். மேல்வெட்டில் அந்த அளவு ஆட்டத்தைப் பிடியை இறுக்கிச் சமாளித்துவிடலாம். அதனால்தான் பாதுகாப்புக்குப் பக்கவெட்டு, ஆயுளுக்கு மேல்வெட்டு என்கிறேன்.

மின்சார ஓப்பனரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நண்பர் வீட்டிலிருந்து கொண்டுவந்து இரண்டு மாதம் வைத்திருந்தேன். மூட்டுவலி உள்ளவர்களுக்கு, கையில் பலம் குறைந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம். அவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். மற்றபடி மோட்டார், சுவிட்ச், உள்ளே கியர் என்று கெட்டுப்போக அத்தனை இடம் இருக்கிற ஒரு பொருளை ஆயுள் போட்டியில் சேர்க்க மனம் வரவில்லை.

ஆயுளில் எல்லாவற்றையும் தோற்கடிப்பது ஒரு விரல் நீளம்கூட இல்லாத பி-38. 1942இல் அமெரிக்க ராணுவத்துக்காகச் சிகாகோவில் உருவாக்கியது. சுமார் 38 மில்லிமீட்டர் தகடு, அதில் கீல் வைத்து மடங்கும் ஒரு சின்னப் பல், விளிம்பைப் பிடிக்க ஒரு வெட்டு. சக்கரம் இல்லை, கியர் இல்லை, ஆகவே தேய்ந்து ஆடவும் ஒன்றுமில்லை. குத்தி, நெம்பி, நகர்த்தி, மறுபடி குத்த வேண்டும். கூழ் டின்னுக்கு எனக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது. ஓரம் ரம்பப் பல் மாதிரி வந்தது. தினசரிக்கு வேண்டாம். ஆனால் ஒன்றிரண்டு டாலர்தான் விலை, சாவிக்கொத்தில் தொங்கும். அன்றைக்கு வீட்டில் இது ஒன்று இருந்திருந்தால் அம்மா கத்தியை எடுத்திருக்க மாட்டார். சிறு வயதில் மில்க்மெய்ட் டின்னை அப்பா ஆணியும் சுத்தியலும் வைத்து எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டுத் திறந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவசரம் என்றால் கை கூர்மையான பொருளைத் தேடித்தான் போகும்.

கோயில் மடப்பள்ளியிலோ பொங்கல் விழாச் சமையலிலோ மூன்று கிலோ டின்களை வரிசையாகத் திறப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பற்றாது. மேசையில் இறுக்கி மாட்டும் எட்லண்ட் மாதிரி ஒன்றுதான் சரி. வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில் 1925இல் தொடங்கிய கம்பெனி அது. கத்தி மழுங்கினால் கத்தியையும், பல் தேய்ந்தால் கியரையும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். விலை அதிகம், வீட்டு மேடையில் அதற்கு இடமும் இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு இருக்கின்றன. நான் எடுப்பது இரட்டைக் கியர் மேல்வெட்டு. அம்மாவுக்கென்று வாங்கியது பக்கவெட்டு. மூடி ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது போதும்டா, குழந்தையும் தொடலாம்” என்றார். அவர் கை பட்ட பாட்டுக்கு அந்தத் தேர்வில் எனக்கு மறுப்பே இல்லை.

வாங்கும்போது பிடியை மூடி, இரண்டு சக்கரத்தையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு கியரும் கோத்திருக்கிறதா, வெட்டும் சக்கரத்தை விரலால் ஆட்டினால் ஆடுகிறதா என்று பார்த்தால் போதும். வாங்கிய பிறகு பாத்திரம் கழுவும் மெஷினில் போடாதீர்கள். எஃகுச் சக்கரம் துருப்பிடித்துவிடும். கையால் கழுவி, உடனே துடைத்து, மாதம் ஒருமுறை அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதற்குச் சமையல் எண்ணெய் கூடாது. நான் முதலில் தேங்காய் எண்ணெய்தான் விட்டேன். குளிரில் உறைந்து, அழுக்கைப் பிடித்துப் பிசினாகி, கியர் இறுகிவிட்டது. மரப்பலகைக்குப் பூசுவதற்கென்று உணவுத் தரத்தில் விற்கும் மினரல் ஆயிலை விட்ட பிறகு பழையபடி சுழல்கிறது.